பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர் டைமோலால் சொட்டு மருந்தும் போடலாமா?

கேள்வி:
என் தந்தை இரத்த அழுத்தத்திற்காகப் பல ஆண்டுகளாக மெட்டோபுரோலால் மாத்திரை உட்கொண்டு வருகிறார். அண்மையில் கண்களைச் சோதித்தபோது வலக்கண்ணில் 26, இடக்கண்ணில் 24 எனக் கண்ணழுத்தம் கூடுதலாக இருந்ததால், காலையும் மாலையும் போடுவதற்கு 0.5 சதவீத டைமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தொடங்கியது முதல் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். நாடித்துடிப்பு 50-க்கு அருகில் நிற்கிறது. கண்ணில் விடும் ஒரு சொட்டு இதயம் வரை போகுமா?

மறுமொழி 1:
போகும். மெட்டோபுரோலால், டைமோலால் இரண்டும் பீட்டா பிளாக்கர் எனும், இதயத்துடிப்பைத் தணிக்கும் ஒரே இனத்து மருந்துகள். டைமோலால் கண்ணுக்குள் ஊறும் நீரின் அளவைக் குறைத்து அழுத்தத்தை இறக்குகிறது. ஆனால் சொட்டின் பெரும்பகுதி கண்ணில் தங்குவதில்லை. மூக்கோரத்து இமை முனையிலுள்ள நுண்துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வினால் உறிஞ்சப்பட்டு, விழுங்கும் மாத்திரையைப் போல முதலில் கல்லீரலில் சிதையாமல் நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. மாத்திரையால் ஏற்கெனவே தணிந்திருக்கும் நாடி மேலும் இறங்க அது போதும். மாத்திரையே கண்ணழுத்தத்தைச் சற்றுக் குறைத்திருக்கக்கூடும் என்பதால், அதே இனத்துச் சொட்டினால் கிடைக்கும் கூடுதல் பயனும் குறைவாகவே இருக்கும். அவருடைய 26 என்ற அளவும் மாத்திரை உட்கொண்டு வரும்போதே எடுத்தது என்பதை மனத்தில் கொண்டே பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
அவருக்கு ஆஸ்துமா உண்டா என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டைமோலால் கடுமையான மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். எந்தக் கண் சொட்டு மருந்தானாலும், ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து மூலையை விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால், உடலுக்குள் செல்லும் அளவு வெகுவாகக் குறையும்.

கேட்டவர்:
ஆஸ்துமா இல்லை. மருத்துவரைப் பார்க்கும் வரை மெட்டோபுரோலாலை நிறுத்தி வைக்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். அதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறலாம். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ கூட வரலாம். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் இன்றே கண் மருத்துவரை அழைத்து, மாத்திரையின் பெயர், அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் சொல்லி, அடுத்த சொட்டை விடலாமா என்று கேளுங்கள். கண்ணுக்குள் ஊறும் நீரின் வெளியேற்றத்தைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் லாட்டனோபுரோஸ்ட் போன்ற சொட்டு மருந்துகள் உண்டு. அவை நாடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அவர் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, தொலைபேசியில் நேரம் கடத்தாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.