ஆழ்வார்குறிச்சி வீடு (குடும்பக் குழு)

பெரியம்மா: எல்லாரும் பாருங்க. உங்க பெரியப்பா எட்டு நாளா மாத்திரையைத் தொடலை. அட்டையை இப்பத்தான் பார்த்தேன். பதினஞ்சுல மூணுதான் பிய்ச்சிருக்கு

பாபு (துபாய்): எந்த மாத்திரை பெரியம்மா?

பெரியம்மா: ரத்தம் கட்டாம இருக்கதும் ராத்திரி கொழுப்பு மாத்திரையும். கெண்டைக்கால் கடுக்குதாம். முருகேசன் அனுப்புன பூண்டுக் கஷாயம்தான் குடிக்காவ

முருகேசன் சித்தப்பா: நான் எல்லாருக்கும்தான் அனுப்புனேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லலை

கலா அத்தை: ஆஸ்பத்திரில கிடந்தப்ப எட்டிப் பார்க்கலை. கஷாயம் மட்டும் வருது

முருகேசன் சித்தப்பா: அன்னைக்கு வயல்ல அறுப்பு அக்கா. எத்தனை தடவை சொல்ல

செல்வி (கோவை): சண்டை அப்புறம். பெரியம்மா, இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு எப்படித் திரும்ப ஆரம்பிக்கன்னு கேளுங்க. பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு நாலு மாசம்தான் ஆகுது. அது இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பி வலை. அதுமேல உள்சவ்வு வளர்ந்து மூடுற வரைக்கும் ரத்தம் அங்க உறையலாம். அட்டாக் வந்து வச்சவங்களுக்கு அதனாலதான் பொதுவா ஒரு வருஷம் ரெண்டு மாத்திரை குடுக்காங்க, ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும். நடுவுல விட்டா மறுபடி அடைக்கலாம். நெஞ்சு, தாடை, இடது கை எங்க வலிச்சாலும் கஷாயம் போட்டுக்கிட்டு நிக்காதீங்க, 108

கலா அத்தை: ஐயாவுக்கும் வாயுன்னுதான் சோடா வாங்கிக் குடுத்தோம்

பாபு: தாத்தாவுக்கு அப்ப என்ன வயசு?

கலா அத்தை: 52

செல்வி: அதுதான் அத்தை எனக்குப் பயம். 2004-ல 52 நாட்டுல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, இன்டர்ஹார்ட்னு பேரு. நடத்துன சலீம் யூசுஃப் கேரளத்துக்காரர். அதுல நம்ம தெற்காசியாக்காரங்களுக்கு முதல் அட்டாக் சராசரி 53 வயசுல. மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59

பாபு: எனக்கு 41 ஆச்சு

பாபு மதினி: அப்ப அந்த சிகரெட்டை விடுங்க

முருகேசன் சித்தப்பா: கோயில் கொடைக்கு வேன் பேசியாச்சா? செவ்வாய்க்குள்ள அட்வான்ஸ் கேக்கான்

பெரியப்பா: எல்லாம் படிச்சுட்டுத்தான் இருக்கேன். கால் வலி எனக்கு, உங்களுக்கு இல்லை. கொழுப்பு மாத்திரை மருந்துக் கம்பெனிக்காரன் கெமிக்கல்

செல்வி: பெரியப்பா, அந்த வகை மருந்துல முதலாவது அரிசியில பிடிச்ச பூஞ்சையில இருந்து வந்தது. அகிரா எண்டோன்னு ஒரு ஜப்பான்காரர் ஆறாயிரம் பூஞ்சைக்கு மேல சோதிச்சு 1973-ல கண்டுபிடிச்சார். அந்த வகை மாத்திரை நிஜமா உயிரைக் காக்குதான்னு 4,444 இதய நோயாளிகள்கிட்ட பார்த்து 1994-ல முடிவைச் சொன்னாங்க. மாத்திரை போட்டவங்கள்ல சாவு 30 சதவீதம் குறைஞ்சுது. கஷாயத்தை யாரும் அப்படிச் சோதிச்சுப் பார்க்கலை

பெரியப்பா: வலிக்குப் பதில் சொல்லு

செல்வி: சொல்றேன். 2020-ல லண்டன்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. உங்கள மாதிரி தொந்தரவுன்னு கொழுப்பு மாத்திரையை நிறுத்துன 60 பேரைக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு வருஷம். நாலு மாசம் நிஜ மாத்திரை, நாலு மாசம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, நாலு மாசம் ஒண்ணுமே இல்லை. எந்த டப்பாவுல எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில வந்த தொந்தரவுல நூத்துக்குத் தொண்ணூறு வெறும் மாத்திரைக்கும் வந்துச்சு. வலி பொய்யில்லை பெரியப்பா. மாத்திரை போடுறோம்ங்கிற பயத்துலயும் வலிக்கும். அதைப் பார்த்து பாதிப் பேர் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க

பெரியப்பா: அப்ப மீதிப் பாதி?

செல்வி: சிலருக்கு நிஜமாவே தசைவலி வரும், மறுக்கலை. தசை பாதிச்சா ரத்தத்துல சி.பி.கே.ன்னு ஒண்ணு கூடும், அதைப் பார்த்தா ஓரளவு தெரியும். டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லைன்னா வேற மாத்துவார். நாமளா நிறுத்தாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்

பெரியம்மா: டாக்டர்கிட்டப் பேசிட்டேன். ரெண்டையும் இன்னைக்கே போடணுமாம். நாளைக்குக் காலைல ரத்தம் குடுக்க வரச் சொல்லுதாவ

கலா அத்தை: யாரு கூட்டிட்டுப் போவா?

முருகேசன் சித்தப்பா: நான் வாரேன் மதினி. ஏழு மணிக்கு

கலா அத்தை: பார்ப்போம்

முருகேசன் சித்தப்பா: வாரேன்னு சொல்லியாச்சு

பெரியப்பா: முதல் மாத்திரை போட்டாச்சு. ராத்திரி மாத்திரை சாப்பிட்டுட்டு. செல்வி, அந்த அரிசி எந்த ஊரு?

செல்வி: கியோட்டோ பெரியப்பா. ஒரு அரிசிக் கடையில எடுத்தது

பெரியம்மா: இட்லி ஆறுது, போனை வைங்க

பாபு: வேன் அட்வான்ஸ் எவ்வளவு சித்தப்பா?