திபெத்தியப் பழைய வீடுகள், மடங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைவழி:
கைலாஷ் போகிற வழியில் லாசாவில் தங்கினோம். பொதாலா அரண்மனை, ஜோகாங் கோயில் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். ஜோகாங்கைச் சுற்றியிருக்கும் பழைய பார்கோர் பகுதியின் பின்சந்து ஒன்றில் வழிகாட்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இதுவரை கல். இதற்கப்புறம் சிமெண்ட்." அவ்வளவுதான் சொன்னார். சந்து முனையில் கேமரா இருந்தது. இரண்டு பக்கமும் அதே வெள்ளைப் பூச்சு, ஜன்னலைச் சுற்றி அதே கறுப்புப் பட்டை. அவர் சொன்ன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய சுவர் மேலே போகப்போக உள்வாங்கிச் சாய்கிறது, புதியது நேர்க்குத்தாக நிற்கிறது. யார் இடித்தது, அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். இன்னும் அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

சாலைப்பித்தன்:
லாசாவில் கேட்க முடியாததை லடாக்கில் லே பழைய ஊரில் தாராளமாகக் கேட்கலாம். பழைய திபெத்திய வீடுகளைப் பழுதுபார்க்கிற திபெத் ஹெரிடேஜ் ஃபண்ட் தெரியும்தானே, ஆந்த்ரே அலெக்சாண்டரும் பிம்பிம் டி அசெவெடோவும் 1996இல் லாசாவில் தொடங்கியது. 2000இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள், அப்புறம் லேக்கு வந்தார்கள். அலெக்சாண்டர் 2012இல் இறந்துவிட்டார், வேலை நிற்கவில்லை.

நான் போனபோது அரண்மனைக்குக் கீழே ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்லர் உத்தரம், அதன்மேல் பட்டை உரித்த வில்லோ குச்சிகள் நெருக்கமாக, அதன்மேல் புல், மண். கடைசியில் மார்கலாக் என்கிற களிமண். வயசான மேஸ்திரி அதில் ஓர் உருண்டை பிடித்துத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு, டீ குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டை கரையவில்லை. அவர் தலையாட்டிய பிறகுதான் மண்ணைக் கூரைக்கு ஏற்றினார்கள். 2010 மேகவெடிப்புக்குப் பிறகு மண் கூரையே ஆகாது என்று சொல்கிறவர்கள் இந்தக் குவளையைப் பார்த்திருக்க வேண்டும்.

கொத்தனார் மகன்:
முதல் பதிவோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. சாய்ந்த சுவரை ரசித்துவிட்டு நாம் ஓட்டலுக்குப் போய்விடுகிறோம். அந்த வீட்டில் இருப்பவருக்குக் குழாயும் கழிப்பறையும் வேண்டாமா?

இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதியில் ஒரு வீட்டில் தங்கினேன். மண் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ராத்திரி அந்தப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஏன் விழுந்தது என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமெண்ட் பூசினால் வெளியேறும் வழி அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கும், குளிரில் உறைந்து விரியும், பூச்சைத் தள்ளும். அதற்குள் சுவரின் அடிப்பக்கம் இளகியிருக்கும். பழைய வீடு வைத்திருப்பவர்கள், நம் ஊரிலும்தான், முதலில் கூரை ஒழுகலை நிறுத்துங்கள். அடுத்து சுவரடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுங்கள். பூச்சுக்கு மண் சுவரானால் மண், கல் சுவரானால் சுண்ணாம்பு. கழிப்பறையைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், தனியாகக் கட்டுங்கள். உத்தரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடத்தைக் குத்திப் பாருங்கள், மரம் முதலில் உளுப்பது அங்கேதான். நுனி மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழு உத்தரத்தையும் கழற்றச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

குடகுக்காரி:
நீங்கள் பூச்சு பற்றிப் பேசுகிறீர்கள். சுவரே இல்லாமல் போனவர்கள் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். 2024இல் திபெத்திய அகதிகள் குடியிருக்கிற பைலகுப்பேயில் ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சீனாவின் சிங்காய் மாகாணத்தில் யாங்சூ அணைக்காக அட்சோக் மடத்தை இடிக்கிற காட்சி. 1889இல் கட்டிய மடம். தூசி கிளம்புகிற இடத்தில் நிறுத்துவார், பின்னால் தள்ளுவார், மறுபடி ஓடவிடுவார். டீ ஆடை கட்டிவிட்டது. "உங்கள் ஊரா தாத்தா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தப் பக்கமே போனதில்லையாம்.

அதே வருடம் பிப்ரவரியில் கிழக்குத் திபெத்தின் டெர்கேயில் காம்தோக் அணையை எதிர்த்துத் துறவிகளும் ஊர்மக்களும் இறங்கினார்கள், நிறையப் பேர் கைதானார்கள். அங்கே வோந்தோ மடத்தில் பல நூற்றாண்டுப் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. அணைத் தண்ணீர் ஏறினால் எந்த மண், எந்தச் சுண்ணாம்பு காப்பாற்றும்? சொல்லுங்கள் கொத்தனார் மகன்.

மலைவழி:
கொத்தனார் மகன், லாசாவில் அந்த ஹெரிடேஜ் ஃபண்ட் குழு செய்ததே நீங்கள் சொல்வதைத்தான். கூரை, கழிவுநீர், தண்ணீர், கழிப்பறை, அதுவும் குடியிருந்தவர்களை அங்கேயே வைத்துக்கொண்டு. வசதி வேண்டுமானால் இடித்தாக வேண்டும் என்பது அங்கேயே பொய்யாகிவிட்டது. அப்படியும் 2013இல் பார்கோர் முழுக்க இடித்துக் கட்டும் வேலை நடந்தபோது, லாசாவைக் காப்பாற்றுங்கள் என்று திபெத்தியக் கவிஞர் ஷேரிங் வோசர் வெளியுலகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிவந்தது.

1980கள், 90களில் லாசா போனவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். பொதாலா அடியில் இருந்த ஷோல் கிராமப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆஸ்திரிய மலையேறி பீட்டர் ஆஃப்ஷ்னைட்டர் 1948இல் அளந்து வரைந்த லாசா வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஜோகாங்கிலிருந்து எந்தத் திசை என்று சொன்னால் போதும்.