யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு நள்ளிரவில் எங்கள் சர்வர் படுத்துவிட்டது. சரிசெய்ய உட்கார்ந்தவர் ஒரே ஒரு பொறியாளர். அவருக்கு உத்தரவு போட நான்கு பேர். நானும் அதில் ஒருத்தி. பொறியாளர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். போனில் மேலாளர் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்கிறார். வாட்ஸ்அப்பில் இயக்குநர் "எதையும் தொடாதீங்க" என்கிறார். மனிதர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "முதல்ல நீங்க பேசி முடிங்க" என்றார்.

தீயணைப்பில் வேலை பார்த்த என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். 1970இல் கலிஃபோர்னியா காட்டுத்தீயில் இதே கூத்துதானாம். பல துறைகள் ஒன்றாக இறங்கின. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம், யார் தலைமை என்பதிலும் குழப்பம். அந்த அனுபவத்திலிருந்து உருவானதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், அதாவது நெருக்கடியில் யார் யாருக்கு உத்தரவு போடுவது என்று வகுத்த முறை. ஒருவருக்கு ஒரே மேலாள். ஒருவர் கீழே 3 முதல் 7 பேர், 5 என்றால் நல்லது. சங்கேத வார்த்தை கூடாது.

எங்கள் அலுவலகத்திலும் இந்த முறையைக் கொண்டுவந்தோம். இதையெல்லாம் எளிதாக ஏற்றுக்கொண்டோம். கசந்தது இன்னொன்று: கோளாறு நேரத்தில் தலைமை ஏற்கும் பொறுப்பாளர், பதவியில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த கோளாறில் பொறுப்பேற்றது குழுவிலேயே இளையவள். இயக்குநர் பழக்கதோஷத்தில் நேராகப் பொறியாளரிடம் போனார். "சார், எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் கொஞ்சம் முழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

இப்போது சாதாரண நாளிலும் எது யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். விடுப்பில் போகிறவர் மெயில் தட்டிவிட்டு நழுவ முடியாது. என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று நேரில் சொல்ல வேண்டும். ஏற்பவர் எல்லார் காதிலும் விழும்படி "இனி நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் நாடக ஒத்திகை மாதிரி ஒரே கூச்சம்.

---

மேலே உள்ளதைப் படித்தேன், நல்ல அனுபவம்தான். எங்கள் நிறுவனத்திலும் இதே முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் எங்கள் இடத்தில் இது பாதியிலேயே நின்றது. தீ அடங்கினால் வண்டிகளையும் ஆட்களையும் முறைப்படி திருப்பி அனுப்புவதும் அந்த முறையில் ஒரு வேலை. அதை நாங்கள் படிக்கவே இல்லை போலிருக்கிறது. கிடங்கு மாற்றத்துக்காகத் தற்காலிக ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் போட்டார்கள். கிடங்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலை 9.15க்கு நிலவரக் கூட்டம் இன்னும் நடக்கிறது. எதன் நிலவரம் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அந்த ஒருங்கிணைப்பாளர் நான்தான்.