மறு: வி.எஸ்.டி.க்குத் தமிழ் – ‘மின்சேமிப்பி’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஸ்.டி. (variable speed drive) என்ற பெட்டிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் கோவை ஐயா எழுதியது:

> ‘மின்சேமிப்பி’ என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் பயன் புரிகிறதே.

கோவை ஐயா பொறுத்தருள வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பெட்டி எதையும் சேமிப்பதில்லை. வருகிற மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, அதைப் பொடிப்பொடியாக வெட்டி, நாம் கேட்கும் அலைவெண்ணில் (frequency) மறுபடி மாறுதிசையாகத் தருகிறது, அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் மோட்டாரின் வேகம் ஏறத்தாழ ஐந்தில் நான்காகக் குறையும். மின்சாரம் மிச்சமாவதும் ஆகாததும் மோட்டார் எதைச் சுழற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைகளையே பாருங்கள். பாய்லர் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் பெரிய விசிறியை எல்லாரும் ‘ஐ.டி. ஃபேன்’ என்பார்கள். பழக்குலை வரத்து குறையும் மாதங்களில் நீராவித் தேவை குறையும், இழுக்கவேண்டிய காற்றும் குறையும். பழைய வழக்கப்படி மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்றுவழியில் இருக்கும் தகடான டேம்பரை மூடி வைப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது மாதிரி. வேகத்தையே குறைத்தால் காற்றளவு வேகத்தோடு குறையும். மின்திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 80 விழுக்காடு வேகத்தில் (0.8 × 0.8 × 0.8) 51 விழுக்காடு திறன் போதும். ஆனாலும் இந்த மிச்சத்தை மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் பில்லில் தேடிப் பயனில்லை. செம்பனைப் பழத்தின் நார், கொட்டையின் ஓடு இரண்டையும் எரித்து ஆலை தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. எரிக்காமல் மிஞ்சும் ஓட்டுக் குவியலில்தான் கொஞ்சம் தெரியும். அந்த ஓட்டுக்கு விலை உண்டு, ஜப்பான் வரை எரிபொருளாகப் போகிறது.

அதே பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் மாட்டுங்கள். தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வால்வை மூடிவைத்தால் அந்த பம்பு தரக்கூடியது 30 மீட்டர் அழுத்தம் (தண்ணீரை அந்த உயரம் வரை தாங்கும் அழுத்தம்) என்று வையுங்கள். அழுத்தம் வேகத்தின் இருமடியோடு (0.8 × 0.8) குறைவதால், 80 விழுக்காட்டில் கிடைப்பது 19.2 மீட்டர். தண்ணீர் தொட்டியைத் தொடாது. மோட்டார் சுற்றும், மீட்டரும் சுற்றும். எந்நேரமும் முழு வேகம் தேவைப்படும் இடத்தில் இன்னும் மோசம்: பெட்டியே 2, 3 விழுக்காட்டைச் சூடாக்கித் தொலைக்கும். இந்த இரண்டு இடத்திலும் ‘மின்சேமிப்பி’ என்று பெயர்ப்பலகை மாட்டினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

ஆகவே என் பரிந்துரை ‘அலைவெண்மாற்றி’. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது, இது அலைவெண்ணை மாற்றுகிறது. (இதுவும் மின்னழுத்தத்தைக் கூடவே குறைக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். சரிதான், ஆனால் மாற்றச் சொல்லி நாம் கேட்பது அலைவெண்ணைத்தான்.)

‘அதிர்வெண்மாற்றி’ என்பதில் எனக்கு ஒரு தயக்கம். விசிறி அறையில் அதிர்வு என்றால் பேரிங் அதிர்வு. அது நொடிக்கு எத்தனை முறை என்பதையும் ஹெர்ட்ஸில்தான் சொல்கிறார்கள். விசிறியின் அதிர்வைச் சரிசெய்யும் கருவி என்று ஃபிட்டர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. அலைவெண்ணுக்கு யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘மீடிறன்’ அழகான சொல், ஆனால் இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கும் பழக்கமில்லை. ஒன்று மட்டும் கவனம்: ‘அலைவெண்’ என்பது அலைவு + எண். அலை + எண் வேறு, இயற்பியலில் அதற்குத் தனிப்பொருள் (wave number) இருக்கிறது.

‘வேக ஆளி’யும் வந்திருந்தது. சேர்த்து எழுதினால் ‘வேகவாளி’. பம்புக்குப் பக்கத்தில் வாளி வேண்டாம்!

‘மாறுவேக இயக்கம்’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் சுழற்சியை எண்ணெய் மூலம் விசிறிக்குக் கடத்தும் எண்ணெய் இணைப்பி (fluid coupling) வழியாக வேகத்தை மாற்றுவதும் அதற்குள் அடங்கும், அங்கே அலைவெண் மாறுவதே இல்லை.

டேம்பருக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘காற்றுமடல்’ சொல்லிப் பார்த்தேன், திறந்து மூடும் தகடு என்பது ஓரளவு வருகிறது. பாய்லர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.