நோம்பிக்கு ஊருக்குப் போறப்ப ஒரு நாள் வேணும்: ரத்தம் நிறுத்தப் பழகறது பத்தி

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஊர் முகப்பு வளைவுக்குப் பணம் சேர்க்கறது பத்திப் போன மாசம் பூரா எழுதிட்டு இருந்தோம். அது நடக்கட்டும், என் பங்கையும் அனுப்பிடறேன். கூடவே இன்னொரு காரியத்துக்கு, மாரியம்மன் நோம்பிக்கு வர்றப்ப காயத்துல ரத்தத்தை நிறுத்தச் சொல்லித் தர்ற ஒரு நாள் வகுப்புக்கு, உங்க சம்மதம் கேட்டுத்தான் இந்த மடல்.

என் சின்ன மாமா எப்படிச் செத்தாருன்னு பெரியவங்களுக்குத் தெரியும். தெரியாத பசங்களுக்காகச் சொல்றேன். 1997, தை மாசம். தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பக்கத்துல தென்னமட்டையைக் கொடுவாள்ல சீவிட்டு இருந்தாரு. கொடுவாள் வழுக்கித் தொடையில, முழங்காலுக்கு ஒரு சாண் மேல பாஞ்சுருச்சு. எனக்கு அப்ப 11 வயசு. கட்டுத்தறையில நின்னு பார்த்துட்டே இருந்தேன். ரத்தம் ஒழுகலைங்க, விட்டு விட்டுப் பீச்சுச்சு. ஓடி வந்தவங்க ஆளுக்கொரு துண்டைத் தோள்ல இருந்து எடுத்துச் சுத்துனாங்க. ஒண்ணு நனைஞ்சா அதுக்கு மேல இன்னொண்ணு. அமுச்சி, எங்க அம்மாவைப் பெத்தவங்க, காப்பித்தூளை அள்ளிக் கொண்டாந்து அப்புனாங்க. ஒருத்தர் வெட்டுக்காயத் தழை தேடி வரப்புக்கு ஓடுனாரு. வேன் வர்றதுக்கு முந்தியே மாமாவுக்குக் கண்ணு சொருகிருச்சு. காங்கேயம் போய்ச் சேரலை.

இத்தனை வருஷமா 'வேன் நேரத்துக்கு வரலை'ன்னுதான் எங்க வீட்டுல பேசிக்குவோம். நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

போன மாசம் இங்க அமெரிக்காவுல, கனெக்டிகட் மாநிலத்துல, எங்க வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துல ஒரு வகுப்புக்குப் போனேன். 'ஸ்டாப் த பிளீட்', அதாவது 'ரத்தப்போக்கை நிறுத்து'னு பேரு, ஒன்றரை மணி நேரம். மேசை மேல நுரையில செஞ்ச ஒரு தொடை. அதுல விரல் போற அளவுக்கு ஆழமா ஒரு ஓட்டை. சொல்லிக் கொடுத்த நர்ஸம்மா கையில ஒரு சுருள் துணியைக் கொடுத்து, ஓட்டைக்குள்ள அடைக்கச் சொன்னாங்க. நான் மேலாப்புல வெச்சு மூடினேன். கையைத் தட்டி விட்டுட்டாங்க. விரலை உள்ள விட்டு, ரத்தம் வர்ற இடத்தைத் தொட்டு, அடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் துணியைத் திணிச்சு, இனி இடமே இல்லைங்கற வரைக்கும் அடைக்கணும். அப்புறம் ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, முழங்கையை மடக்காம, உடம்புப் பாரம் முழுசும் இறங்கற மாதிரி அழுத்தணும். எடுத்து எடுத்துப் பார்க்கவே கூடாது. மூணாவது நிமிஷத்துல எனக்கு மணிக்கட்டு நடுங்கிருச்சு. நான் அழுதது அங்க யாருக்கும் புரியலை.

அன்னைக்குச் சாளையில துண்டு இருந்துச்சுங்க, பலமான கைகளும் இருந்துச்சு. ஆனா ஒருத்தர் கூட அழுத்தலை. மேல மேலச் சுத்துன துண்டு ரத்தத்தைக் குடிச்சுட்டு, உள்ள நடக்கறதை மறைச்சுது. அவ்வளவுதான். பெரியவங்க உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர் சுமார்தான் ரத்தம். பெரிய ரத்தக்குழாய் அறுந்தா அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே உசுரு போயிரலாம். எந்த வேன் வந்து என்ன பண்ணும்?

இந்த வகுப்பு பிறந்த கதையும் இந்த மாநிலத்துலதான். 2012 டிசம்பர்ல இங்க நியூடவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல 20 குழந்தைகளையும் 6 பெரியவங்களையும் ஒருத்தன் சுட்டுக் கொன்னான். அதுக்கப்புறம் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை அறுவை மருத்துவர் லென்வொர்த் ஜேக்கப்ஸ் தலைமையில ஒரு குழு 2013ல கூடி, பக்கத்துல நிக்கற சாதாரண ஜனங்களுக்கே ரத்தம் நிறுத்தத் தெரியணும்னு முடிவு பண்ணாங்க. 2015 அக்டோபர்ல அதுவே நாடு முழுக்க இயக்கமா ஆச்சு.

நம்ம ஊர்ல துப்பாக்கி இல்லை. ஆனா சோளத்தட்டு வெட்டற மிஷின் வீட்டுக்கு வீடு இருக்கு. பிரஷ் கட்டர், ரோட்டவேட்டர், அரிவாள், தாராபுரம் ரோட்டுல பறக்கற பைக்கு, எல்லாம் இருக்கு. 108 வண்டி 2008ல இருந்து ஓடுது, நல்லாவே ஓடுது. ஆனா நம்ம வீடுக தெருவுலயா இருக்கு? தோட்டத்துக்கு ஒண்ணா சிதறிக் கெடக்கு. ரோட்டுப் பிரிவுல இருந்து இட்டேரி மண்தடத்துல திரும்பி வழி கேட்டு வர்றதுக்குள்ளயே பத்து நிமிஷம் போயிரும். போன் பண்ணுன உடனே ஒரு ஆள் வண்டி எடுத்துட்டுப் பிரிவுல போய் நிக்கணும்ங்கறதையும் இதுகூடவே பழக்கணும்.

கை, கால்ல காயம்னா டூர்னிக்கெட்னு ஒரு பட்டை இருக்கு. காயத்துக்கு மூணு விரக்கடை மேல, மூட்டு மேல படாம போட்டு, அதுல இருக்கற குச்சியைத் திருகி, ரத்தம் நிக்கற வரைக்கும் இறுக்கணும். நெம்ப வலிக்கும், கத்துவாங்க. அதுக்காகத் தளர்த்தக் கூடாது. போட்ட நேரத்தை எழுதி வெக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி சேர்ந்துட்டா அநேகமா காலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆன்லைன்ல மலிவா விக்கற போலி வாங்காதீங்க, திருகறப்பவே குச்சி ஒடிஞ்சுரும். கன்னுக்குட்டித் தும்புக் கயித்தையும் ஒயரையும் கட்டறது அதைவிட மோசம், சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது. கழுத்து, வயிறு, நெஞ்சுல இதைக் கட்டவே கூடாது.

இன்னொண்ணையும் அழுத்திச் சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் கை தானா கயித்தைத் தேடும். பாம்புக் கடிக்கு இதைக் கட்டக் கூடாதுங்க. விரியன் கடிச்ச காலை இறுக்கிக் கட்டுனா அந்தச் சதையே அழுகிப் போகலாம். காலை ஆட்டாம நேரா அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.

துணிக்கு நாம யோசிக்கவே வேண்டாம். நம்ம தறியில ஓடற காடாத் துணியைத் துவைச்சு, கிழிச்சு, சுருட்டி வெச்சாப் போதும். பட்டைதான் வாங்கணும். ஒவ்வொரு தறிக்குடோன்லயும் ஒண்ணு, பால் சொசைட்டியில ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணு.

ஆருக்குச் சொல்லிக் கொடுக்கறது? மத்தியானம் ஊர்ல யார் இருக்காங்கன்னு பாருங்க. பொம்பளைங்க, நூறு நாள் வேலைக்காரங்க, தறியில நிக்கற பீகார், ஒடிசாப் பசங்க. அதனால இந்தி பேசறவங்க ஒருத்தர் கட்டாயம் வேணும். உதவப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமோங்கற பயம் நம்ம ஜனங்களுக்கு இன்னும் போகலை. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு வந்துருச்சு, நல்ல மனசோட வாகன விபத்துல உதவுனவங்க மேல வழக்குப் போட முடியாது. அதையும் தமிழ்ல அச்சடிச்சுக் கையில கொடுக்கணும்.

நான் ஒருக்கா கத்துக்கிட்டவன், அவ்வளவுதான். சொல்லிக் கொடுக்கற தகுதி எனக்கில்லை. நம்ம குழுவுலயே செவிலியரா ரெண்டு பிள்ளைங்க இருக்கீங்க. கண்ணுகளா, நீங்க முன்ன நின்னா மத்த அலைச்சலை நான் பார்த்துக்கறேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்கிட்டப் பேசிக் கூட ஒருத்தரை வரச் சொல்லலாம்.

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட பின்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குத் தோதுப்படுது. நுரைத் தொடை ரெண்டு என் பெட்டியில கொண்டாந்துடறேன். அந்த வாரம் ஊர்ல இருக்கறவங்க பேரை மட்டும் இந்த மடலுக்குப் பதிலா எழுதுங்க. அண்ணன்மாருங்க யாராவது சமுதாயக் கூடத்தை அன்னைக்குப் பதிஞ்சு வெச்சுருங்க.