பொங்கல் முகாம் பணத்தைத் துணை சுகாதார நிலையத்துக்குக் கொடுப்போமா?

அன்புள்ள சொந்தங்களே, வணக்கம்.

பொங்கல் மருத்துவ முகாமுக்கு நிதி கேட்டு செயலாளர் அண்ணன் போட்ட மடலைப் பார்த்தேன். என் பங்கை அவசியம் தருகிறேன். ஆனால் இந்தத் தடவை அந்தப் பணம் நம் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முகாமில் சுகர் பார்க்கிறோம், பத்து நாளைக்கு மாத்திரை கொடுக்கிறோம். அப்புறம்? சுகரும் பிரஷரும் ஆயுசுக்கும் மாத்திரை கேட்கிற வியாதி. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம், வீட்டுக்கே வந்து அதைத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் மகளிர் குழுவில் இருக்கும் பெண். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து பிரஷர் பார்ப்பார், மாத்திரை அட்டையை வாங்கி மிச்சத்தை எண்ணுவார். "மூணு நாள் போடலையே அத்தை, ஏன்?" என்று அவர் அதட்டியதை வீடியோ காலில் நானே கேட்டேன். வருஷத்துக்கு ஒருநாள் வந்து போகிற டாக்டரால் இதைக் கேட்க முடியுமா?

நம் துணை சுகாதார நிலையத்தில் குறை இல்லாமல் இல்லை. 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. கர்ப்பிணிகளுக்கு பிக்மி பதிவு (அரசின் ஆன்லைன் கர்ப்பப் பதிவு), புதன்கிழமை தடுப்பூசி, பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் ஒருவர் வேலை. பக்கத்து நிலையத்தில் இடம் காலியானால் அந்த ஊர்களும் அவர் தலையில்தான். அதற்கு மனு கொடுக்கலாம், ஆள் போடுவது அரசாங்கத்தின் கையில்.

நம்மால் முடிந்தது இரண்டு இருக்கிறது. நம் நிலையத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருகிற கர்ப்பிணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ஒரு மோட்டாரும் தொட்டியும் போட்டால் தீரும். இன்னொன்று, சுகர்காரர்களுக்குக் கிட்னி கெடுவது முதலில் வெளியே தெரியாது, சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவின் அளவும் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகவேண்டும். பஸ் ஏறமுடியாத வயசாளிகள் போவதே இல்லை. மாதம் ஒருநாள் ஆட்டோ பேசிவிட்டால் வடக்குத் தெரு, காலனி எல்லாருமே போய்வருவார்கள்.

மோட்டார் போட வட்டார மருத்துவ அலுவலரின் அனுமதி வேண்டும். ஊரில் இருக்கும் நிர்வாகிகள் யாராவது இந்த வாரமே போய்க் கேட்டுச் சொல்லுங்கள். முகாமுக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை நிறுத்திவைப்போம்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து ஒருவன், மஸ்கட்