கடலோரத்துக்கு 2,000 கோடி, தென்பெண்ணையின் மேல்பக்கத்துக்கு என்ன?

ஊத்தங்கரை மாந்தோப்பு:
2023 தமிழ்நாடு பட்ஜெட்டில் நெய்தல் மீட்சி இயக்கம் என்று ஒன்றை அறிவித்தார்கள். உலக வங்கி உதவியோடு ஐந்து வருடத்தில் 2,000 கோடி ரூபாய், கடலரிப்பு, கடல் மாசு, கடலோர உயிரினம் இதற்கெல்லாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம், அதற்கு அடுத்த நாள் ராத்திரி விடிய விடியக் கொட்டி ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊத்தங்கரையில். ஏரி நிரம்பி வந்த வெள்ளம் ரோட்டோரம் நின்ற வேன், கார்களை உருட்டிக்கொண்டு போனதை டிவியில் எல்லாரும்தான் பார்த்தீர்கள். ஆராய்ச்சியும் திட்டமும் கடற்கரையோடு நின்றுவிட்டால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? ஆற்றின் மேல்பக்கத்துக்கும் கேட்டு ஒரு மனு எழுதப் போகிறேன்.

பாலக்கோடு தக்காளி:
அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் கணக்கு தப்பு. 1990இலிருந்து 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்ததில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 40 சதவீதத்துக்கு மேல் அரிப்பு. என்னோடு ஓசூரில் வேலை பார்க்கிற நண்பர் கடலூர் தாழங்குடாக்காரர். அவர் அப்பா வலை காயப்போட்ட மணல் இப்போது அலைக்குள் இருக்கிறது. நம் ஏரி உடைந்தால் மறுபடி கரை கட்டலாம், அவர்கள் மணலை எங்கே போய் வாங்குவார்கள்? அப்புறம் இன்னொன்று, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாயை அடைத்துப் பிளாட் போட்டது காலநிலை இல்லை, நாம்தான். அதையும் இந்தக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஊத்தங்கரை மாந்தோப்பு:
கால்வாயை அடைத்தது நாம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாழங்குடா எங்கே இருக்கிறது தம்பி? தென்பெண்ணை கடலில் கலக்கிற இடத்துப் பக்கத்தில். அன்றைக்கு இங்கே பெய்தது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போய், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டு, கடலூர் வரைக்கும் ஊர் ஊராகப் புகுந்தது. புயல் கடலிலிருந்து வந்தது சரி, அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த வெள்ளம் நம் பக்கத்திலிருந்தும் போனதுதானே. மணலும் அப்படித்தான். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணையில் வண்டல் தேங்குகிறது, அதில் ஒரு பங்காவது அந்தக் கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மண். ஆற்றை, அது பிறக்கிற நந்தி மலையிலிருந்து ஒரே உடம்பாகப் பார்க்காமல் வாலுக்கு மட்டும் மருந்து போட்டால் எப்படி?

அரூர் போர்வெல்:
நடுவில் நுழைகிறேன். எங்கள் பக்கம் காலநிலைத் திட்டம் என்றாலே சோலார் மோட்டார் ஒன்றுதான். 2019இல் வந்த மத்திய அரசின் பிஎம் குசும் திட்டம், அந்த மோட்டாருக்கு மானியம். கரண்ட் மிச்சம், நல்லதுதான். ஆனால் பகல் முழுக்கச் செலவில்லாமல் ஓடினால் ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரும் தீராதா? ஆழம் போகப் போகப் பாறையில் இருக்கிற ஃபுளோரைடும் சேர்ந்துதான் வருகிறது, அதனால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உப்பு ஏறுகிறது, இங்கே பல் கறை படிந்த பிள்ளைகள். இரண்டுக்கும் காரணம் ஒன்று, ஆராய்ச்சி மட்டும் தனித்தனி.

பாலக்கோடு தக்காளி:
ஃபுளோரைடு நூறு சதம் உண்மை, எங்கள் பாட்டி முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் கடைசியில் ஒன்றுமே நடக்காது. எங்கள் ஊரில் மூன்று வருடம் முன்பு தூர்வாரினார்கள். வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்தார்கள், அடுத்த மழையில் அது திரும்ப ஏரிக்குள். கடலோரப் பணத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பதுதான் என் பயம். ஆற்றின் மேல்பக்கம் மழைமானி கூடுதலாக வைக்க வேண்டும், ஊத்தங்கரையில் பெய்தால் எத்தனை மணி நேரத்தில் சாத்தனூரில் ஏறும், எப்போது தாழங்குடாவில் தண்டோரா போட வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும், இதற்குக் கேளுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. தூர்வாரலைச் சேர்த்தால் நான் எதிர்ப்புதான்.

ஊத்தங்கரை மாந்தோப்பு:
மழைமானியோடு வரத்துக்கால்வாய் அளவீட்டையும் சேர்த்து எழுதுகிறேன், தோண்டுகிற வேலை இல்லை, அளக்கிற வேலை மட்டும். எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி. மனுவை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன், வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்.